பிறர் தெய்வத்துக்குப் பொருள் எழுதுதல்

ஒரு சமயத்தைத் தம் சமயமாகக் கொள்ளாத ஒருவர், அச்சமயத்தார் வழிபாட்டில் வழங்கும் சொல்லுக்குப் பொருள் எழுதும்போது, அவர் எழுதுவது அச்சொல்லின் பொருளா, அச்சொல்லைக் குறித்து அவர் கொண்டிருக்கும் கருத்தா என்பது சமயத் தத்துவத்தில் எளிதில் தீராத வினாக்களுள் ஒன்று. திருநீறு பூசாதவன் திருநீற்றின் பொருளை எப்படி அறிவான் என்று கேட்பவர்கள், நம்பிக்கைக்கு வெளியே நிற்பவர் மதிலைச் சுற்றி வந்துவிட்டுக் கருவறையைப் பற்றிப் பேசுகிறார் என்பார்கள். கருவறைக்குள்ளேயே நிற்பவருக்கு மதிலின் நீளம் தெரியாது என்று மறுதரப்பார் விடை கூறுவார்கள். இரண்டும் கேட்க நன்றாகவே இருக்கின்றன. ஆயினும் இரு தரப்பாரும் அறிவை நிற்கும் இடத்தைப் பொறுத்ததாகக் கொள்கிறார்களே ஒழிய, அறிபவர் என்ன வேலை செய்தார், யாரிடம் கேட்டார், கேட்டதை எவ்வாறு எழுதினார் என்பவற்றைக் கணக்கில் எடுப்பதில்லை. அவற்றைக் கணக்கில் எடுத்துப் பார்ப்பதற்குத் தமிழகத்தில் கிடைக்கும் தெளிவான சான்றுகளுள் ஒன்று, கூவம் வளைந்து சூழும் சிந்தாதிரிப்பேட்டையில் பணியாற்றிய பாதிரியார் ஒருவர் முடித்து வைத்த அகராதி.

சிந்தாதிரிப்பேட்டை, ஜார்ஜ் மார்ட்டன் பிட் சென்னையின் ஆளுநராக இருந்த 1734-ஆம் ஆண்டில், ஏற்றுமதித் துணிக்காகக் கிழக்கிந்தியக் கம்பெனி நெசவாளர்களைக் குடியேற்றிய ஊர். சின்னத் தறிப்பேட்டை என்பதே அப்பெயராயிற்று என்று மக்கள் கூறும் விளக்கம் எவ்வளவு சரியோ தெரியாவிட்டாலும், அது ஊரின் பிறப்பை மறக்கவிடாமல் வைத்திருக்கிறது. ஆதிபுரீசுவரர் கோவிலும் ஆதிகேசவப் பெருமாள் கோவிலும் அங்கே அடுத்தடுத்து நிற்கின்றன. அதே பேட்டையில் 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்க மிஷன், அதாவது கிறித்தவத்தைப் பரப்புவதற்காக அமெரிக்கச் சபையார் அனுப்பிய குழு, தன் நிலையத்தை அமைத்தது. இன்றைய சீயோன் ஆலயம் அதன் வழிவந்தது. சிவன் கோவில் மணியும் பெருமாள் கோவில் மணியும் ஆலய மணியும் ஒரே காதில் விழும் அளவுக்கு நெருக்கமான அத்தெருக்களில், பிறர் தெய்வம் என்பது நூல்களில் மட்டும் படித்தறியும் செய்தியாக எவருக்கும் இருந்திருக்க முடியாது.

அந்த நிலையத்தில் பணியாற்றிய மைரன் வின்சுலோ 1789-இல் அமெரிக்காவின் வெர்மாண்ட் பகுதியில் பிறந்தவர். முதலில் யாழ்ப்பாணத்து உடுவிலில் இருந்தார். அங்கே அவர் மனைவி ஹாரியட் 1824-இல் தொடங்கிய பெண்கள் விடுதிப் பள்ளி பெயர்பெற்றது. 1836-இல் வின்சுலோ சென்னைக்கு வந்தார். யாழ்ப்பாணத்தில் ஜோசப் நைட் என்ற பாதிரியார் தொடங்கி, அவர் இறந்தபின் பலர் கைமாறி வந்த சொற்றொகுப்பு இறுதியில் வின்சுலோவிடம் சேர்ந்தது. அதை அவர் விரித்து முடித்து, 67,000-க்கும் மேற்பட்ட சொற்கள் கொண்ட தமிழ்–ஆங்கில அகராதியாக 1862-இல், பி. ஆர். ஹண்ட் நடத்திய அமெரிக்க மிஷன் அச்சகத்தில் வெளியிட்டார். செய்யுள் தமிழ், பேச்சுத் தமிழ் இரண்டையும் தழுவியது என்று அகராதியின் பெயரே அறிவித்தது. தெய்வப் பெயர்கள், புராணப் பெயர்கள், சைவ சித்தாந்தக் கலைச்சொற்கள், சோதிடச் சொற்கள், மருந்துச் சொற்கள் என எல்லாம் அதில் இடம்பெற்றன. அப்பக்கங்களில் விளங்கும் தெய்வங்களை மெய்த்தெய்வங்களாக வின்சுலோ ஒருநாளும் ஏற்றதில்லை. அவற்றின் வழிபாட்டிலிருந்து மக்களைத் திருப்புவதே அவர் கடல் கடந்து வந்ததன் நோக்கம். அதே மனிதர்தான், செய்யுள் வடிவில் தமிழ் கிரேக்கத்தைவிடச் செப்பமானது, சொல்வளத்தில் இலத்தீனை விஞ்சியது என்று அந்நூலின் முன்னுரையில் எழுதினார்.

இவ்விரண்டும் ஒரே மனத்தில் எவ்வாறு பொருந்தின என்று வியப்பதைக் காட்டிலும், அவர் எந்தச் சொற்களுக்குப் பொருள் எழுத உட்கார்ந்தாரோ அச்சொற்களின் வரலாற்றைப் பார்ப்பது பயன் தரும். ஏனெனில் அவர் கைக்கு வரும் முன்பே அவற்றுட் பல, மூன்று நூற்றாண்டுகளாகச் சமயங்களுக்கிடையே கைமாறியிருந்தன. வரலாற்றாய்வாளர்கள் 16 முதல் 18 வரையான நூற்றாண்டுகளைத் தொடக்க நவீன காலம் என்பர். இடைக்காலமும் ஆகாமல் ஆங்கிலேயராட்சிக் காலமும் ஆகாமல், நாயக்கரும் மராட்டியரும் ஆண்ட தமிழகத்தில் அச்சு, கடல் வணிகம், புதிய சமயங்கள், மடங்களின் எழுச்சி ஆகிய எல்லாம் ஒருங்கே நிகழ்ந்த காலம் அது. பழையதன் தேய்வு என்றே அதைக் கருதும் வழக்கம் தமிழ்க் கல்வியுலகில் இன்னும் முற்றாக நீங்கவில்லை. சங்க காலத்துக்கும் பக்திக் காலத்துக்கும் கிடைக்கும் ஆய்வு மதிப்பில் பாதிகூட அதற்குக் கிடைப்பதில்லை. ஆனால் இன்று தமிழர் தெய்வத்தைப் பற்றிப் பேசும் மொழியில் பெரும்பகுதி அக்காலத்தில்தான் உரசித் தேய்ந்து உருப்பெற்றது.

இந்திய மண்ணில் தமிழெழுத்தில் அச்சான முதல் நூல், 1578 அக்டோபரில் கொல்லத்தில் வெளிவந்த, 16 பக்கமே கொண்ட கிறித்தவ உபதேச நூல். அதன் பெயர் தம்பிரான் வணக்கம். அதைத் தமிழாக்கிய அன்ரீக்கே அன்ரீக்கசு, தம் தெய்வத்துக்குத் தம்பிரான் என்ற பெயரைத் தேர்ந்தார். சைவத்தில் அது சிவபெருமானைக் குறிக்கும் பெயர். சுந்தரரைத் தம்பிரான் தோழர் என்பது மரபு. பின்னர் மடங்களில் துறவியரையும் அச்சொல் குறித்தது. முத்துக்குளித்துறைப் பரதவர் அதைச் சிவன் பெயராகக் கேட்டார்களா, தலைவன் என்ற பொதுப்பெயராகக் கேட்டார்களா என்பதற்கு அவர்கள் எழுதிவைத்த சான்று ஏதுமில்லை. அடுத்த தலைமுறையில், 1606-இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நோபிலி என்ற தத்துவ போதகர், சிவதருமன் என்ற அந்தணரிடம் வடமொழி கற்று, எந்த ஒரு தெய்வத்துக்கும் உரிமையாகாத பெயர் வேண்டும் என்று கருதி, சர்வேசுரன் என்ற சொல்லை நிலைநிறுத்தினார். சர்வ என்பது எல்லாம். ஈசுவரன் என்பது ஆள்பவன். எல்லாவற்றையும் ஆள்பவன் என்பது பொதுப்பொருள்தான். ஆனால் ஈசுவரன் என்ற ஒலியை மதுரையில் கேட்டவர் எவரும் சொக்கநாதரை நினையாமல் இருந்திருக்க மாட்டார். பெயரைத் துடைத்துத் தூய்மையாக்கிவிடலாம் என்ற எண்ணத்தை மொழியே ஏற்பதில்லை என்பதற்கு அது நல்ல சான்று. நோபிலி 1656-இல் மயிலாப்பூரில் இறந்தார். அவர் நிறுத்திய சொல் கத்தோலிக்கரிடையே நெடுங்காலம் நின்றது.

சீர்திருத்தச் சபையார் வேறு வழி சென்றனர். தரங்கம்பாடியில் 1706-இல் இறங்கிய சீகன்பால்கு, தமிழர் தம் எல்லாத் தெய்வங்களுக்கும் மேலாகப் பராபரவஸ்து என்ற ஒன்றை ஒப்புகிறார்கள் என்பதைக் கேட்டறிந்து எழுதினார். வேப்பேரியில், அதாவது சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து நடந்தே சென்றுவிடக்கூடிய தொலைவில், பல்லாண்டுகள் உழைத்த பப்பிரிசியு தம் விவிலிய மொழிபெயர்ப்பில் பராபரன் என்ற பெயரை வழங்கினார். ஆங்கிலேயர் 1761-இல் புதுச்சேரியிலிருந்து எடுத்துவந்த அச்சுப்பொறி அவரிடம் ஒப்படைக்கப்பட்டதும், 1779-இல் அவர் வெளியிட்ட தமிழ்–ஆங்கில அகராதியும் சென்னை அச்சு வரலாற்றில் தனி இடம் பெறுபவை. 19-ஆம் நூற்றாண்டில் தேவன் என்ற சொல் மேலெழுந்து, பவர் பாதிரியார் தலைமையிலான குழு 1871-இல் முடித்த மொழிபெயர்ப்பில் நிலைபெற்றது. தேவர் பலர் என்ற நினைவைத் தமிழில் எழுப்பாமல் இருக்க முடியாத அச்சொல்லை ஒரே கடவுளை வற்புறுத்தும் சமயம் தேர்ந்தது விந்தையாகத் தோன்றலாம். ஆனால் நூற்றைம்பது ஆண்டுகளாக அச்சொல்லில் இறைஞ்சி வருபவர்களுக்கு அதில் விந்தை எதுவும் தெரிவதில்லை.

இவற்றுள் பராபரம் என்ற சொல்லின் பயணமே தனியாக ஆராயத்தக்கது. பரம் என்பது மேலானது, அபரம் என்பது அதற்குக் கீழானது. இரண்டுமாய் நிற்பது பராபரம். தாயுமானவர் பாடிய பராபரக்கண்ணி 389 கண்ணிகளிலும் அப்பெயரையே விளித்து நிற்கிறது. அது சைவ வேதாந்தச் சார்புடைய பாடல். லுத்தரன் சபையார் ஞாயிறுதோறும் அப்பெயரைச் சொல்லித் தொழுதனர். சென்னையில் வாழ்ந்து 1830-களில் மறைந்த இசுலாமிய ஞானி குணங்குடி மஸ்தான் சாகிபும் ஒரு பராபரக்கண்ணி பாடினார். அவர்மீது நான்மணிமாலை பாடியவர் வீரசைவப் புலவரான திருத்தணிகைச் சரவணப்பெருமாளையர். திருக்குறளை அச்சிட்டவர் என்று தமிழுலகம் நினைவில் வைத்திருப்பவர் அவர்தான். இங்கே மூன்று சமயத்தாரும் ஒரே தெய்வத்தைத்தான் வணங்கினார்கள் என்று முடிவு கட்டும் அவசரம் சமரசம் பேசுவோரிடம் அடிக்கடி காணப்படுகிறது. அது நல்லெண்ணம், ஆராய்ச்சி ஆகாது. ஒரே கிணற்று நீரை மூன்று வீட்டார் மொண்டார்கள் என்பதால் மூன்று வீட்டுச் சமையலும் ஒன்றாகிவிடாது. சொல்லின் பொருள் அது வழங்கும் வழக்கில் இருக்கிறது. தமிழில் வழக்கு என்ற சொல்லே பயன்பாட்டையும் மன்றத்துப் பிணக்கையும் ஒருங்கே குறிப்பது தற்செயலாயினும் இவ்விடத்துக்கு மிகவும் பொருத்தமானது.

அப்பிணக்கை வெளிப்படையாக எழுப்பியவர் தஞ்சாவூர் வேதநாயக சாத்திரியார். 1774-இல் பிறந்து 1864 வரை வாழ்ந்த அவர், இரண்டாம் சரபோசி காலத்துத் தஞ்சையில் வாழ்ந்த கிறித்தவப் புலவர். பெத்லகேம் குறவஞ்சி பாடியவர். ரேனியசு முதலிய புதிய பாதிரியார்கள் பப்பிரிசியுவின் மொழிபெயர்ப்பைத் திருத்தி எழுதத் தொடங்கியபோது, அதை எதிர்த்து அவர் கடுமையாக எழுதினார். எடுத்துப் பார்த்தால் இது ஒரு பெரிய திருப்பம். செருமானியர் ஒருவர் வேப்பேரியில் இருந்து, தம் சமயமல்லாத சமயங்களின் சொற்களைத் தேர்ந்தும் நிறுத்தும் கோத்த மொழி, இரண்டு தலைமுறைக்குள் தமிழர் ஒருவருக்குத் தாய்வழிச் சொத்தாகி, அதை மாற்ற வெளிநாட்டவருக்கு உரிமையில்லை என்று அவர் அவர்களிடமே வாதிடும் நிலைக்கு வந்துவிட்டது. ஆகவே ஒரு சொல் எந்தச் சமயத்துக்கு உரியது என்பதை அதன் பிறப்பு தீர்ப்பதில்லை. அச்சொல்லைச் சொல்லி அழுதவர்களும் நோயில் முனகியவர்களும் பிள்ளைகளுக்குப் பெயரிட்டவர்களும் தீர்க்கிறார்கள். அறிஞர் சொல்லை உண்டாக்கலாம்; அதைத் திருச்சொல்லாக்குவது அவர் கையில் இல்லை.

இவ்வாறாயின், பிற சமயத்தின் சொல்லை எழுதுபவருக்கு வழிகாட்டி எது? ஐரோப்பியர் வருவதற்கு நெடுங்காலம் முன்பே இவ்வினாவைத் தமிழ் மரபு எதிர்கொண்டு, இரண்டு வெவ்வேறு வகையான நூல்களில் இரண்டு வகையாக விடை கண்டிருக்கிறது. ஒன்று, அருணந்தி சிவாசாரியாரின் சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரில் உள்ள பரபக்கம். பரபக்கம் என்பது பிறர் கொள்கையை முதலில் எடுத்துரைக்கும் பகுதி. சுபக்கம் என்பது தம் கொள்கையை நிறுவும் பகுதி. உலகாயதம் தொடங்கிப் பாஞ்சராத்திரம் வரை பதினான்கு கொள்கைகளைப் பரபக்கம் எடுத்துரைத்து மறுக்கிறது. எதிரியின் கட்சியைச் சொல்லாமல் மறுப்பது வாதமாகாது என்ற நேர்மை அதில் உண்டு. ஆனால் மறுப்பதற்காகவே எடுத்துரைக்கப்படுவதால், எங்கே மறுக்க எளிதோ அங்கே எதிரியின் கொள்கை தடித்தும், எங்கே வலியதோ அங்கே மெலிந்தும் தோன்றும் ஆபத்து அவ்வகை நூல்களின் உடன்பிறப்பு. எல்லாச் சமயங்களின் கண்டன நூல்களுக்கும் இது பொருந்தும். சைவத்துக்கு மட்டும் உரிய குறையன்று.

மற்றொன்று நிகண்டு. ஒரு பொருளுக்குரிய பல பெயர்களையும் ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களையும் மனப்பாடத்துக்கு ஏற்பச் செய்யுளில் தொகுத்துத் தரும் நூல் அது. சூடாமணி நிகண்டை இயற்றிய மண்டலபுருடர் சமணர். அவர் தம் நூலின் தெய்வப் பெயர்த் தொகுதியில் அருகன் பெயர்களோடு சிவன், திருமால் முதலிய தெய்வங்களின் பெயர்களையும் அடுக்கினார். அவற்றை மறுக்கவில்லை, இகழவுமில்லை. சைவப் பிள்ளைகள் திண்ணைப் பள்ளிகளில் சிவபெருமானின் பெயர்களைச் சமணர் ஒருவர் செய்த செய்யுளில் மனப்பாடம் செய்தனர். அதில் எவருக்கும் குற்றம் தோன்றவில்லை. ஆறுமுக நாவலரைப் போலச் சைவத்தில் ஊன்றி நின்றவர் அந்நூற்றாண்டில் அரிது. அவரே 1849-இல் அச்சுப்பொறி வாங்கச் சென்னைக்கு வந்தபோது முதலில் அச்சிட்டவற்றுள் சூடாமணி நிகண்டு உரையும் ஒன்று. பரபக்கம் பிறர் சொல்லைக் கேட்டு விடை கூறுகிறது. நிகண்டு கேட்டு எழுதிவைக்கிறது. இரண்டுக்கும் அறிவுலகில் இடம் உண்டு. ஒன்று செய்யவேண்டிய இடத்தில் மற்றதைச் செய்யும்போதுதான் கேடு வருகிறது.

ஒரே மனிதர் இரண்டையும் செய்ய நேர்ந்தபோது என்ன ஆகும் என்பதைச் சீகன்பால்கின் வரலாறு காட்டுகிறது. நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ச் சுவடிகளைத் திரட்டிப் பட்டியலிட்டு, புலவர்களிடமும் மக்களிடமும் கேட்டறிந்து, தமிழர் தெய்வங்களின் வழிமுறை பற்றி அவர் 1713-இல் செருமன் மொழியில் ஒரு நூல் எழுதி அனுப்பினார். தெய்வங்களின் பெயர், வடிவம், கோவில், விழா, வழிபாடு என அவர் கேட்டதெல்லாம் அதில் இருந்தன. பொய்ச் சமயத்தை ஒழிக்க அனுப்பப்பட்டவர் அதை ஐரோப்பாவில் பரப்பலாமா என்பது செருமனியின் ஹாலே நகரத்து மிஷன் மேலாளர்களின் மறுமொழி; நூல் அச்சேறவில்லை. அது 1867-இல்தான், சென்னையில், கெர்மான் என்பவரால் பதிப்பிக்கப்பட்டது. ஹாலேயில் இருந்தவர்கள் மூடர்கள் அல்லர். நன்றாக எழுதப்பட்ட பிறசமய விளக்கம் படிப்பவரை ஈர்க்கும் என்று அவர்கள் அஞ்சினர், அந்த அச்சம் சரியானதே. நேர்மையான விளக்கம் தன்னை எழுதியவருக்கு மட்டும் கட்டுப்பட்டிருப்பதில்லை.

வின்சுலோவுக்கு அத்தகைய தடை வரவில்லை. ஏனெனில் அகராதியை எவரும் சமய நூலாகக் கருதுவதில்லை. அந்தப் பார்வைக் குறைவு தமிழுக்கு நன்மையாயிற்று. ஓர் உபதேச நூல் எழுதுபவர் தெய்வத்துக்கு ஒரு பெயரைத் தேர்ந்து மற்றவற்றை ஒதுக்கியாக வேண்டும். அகராதி எழுதுபவர் எதையும் ஒதுக்கக் கூடாது. பதி என்ற சொல்லுக்குத் தலைவன், கணவன், ஊர், இறைவன் என வழங்கும் பொருள்களையெல்லாம் எழுதினால்தான் அது அகராதி; அவற்றுள் ஒன்று தம் கொள்கைக்கு ஒவ்வாது என்று விட்டுவிட்டால், அடுத்த நாளே ஒரு தமிழாசிரியர் குறை காண்பார். வின்சுலோவின் விளக்கங்களில் பாதிரியாரின் குரல் அறவே கேட்காது என்று சொல்ல முடியாது. ஆனால் அவர் பக்கத்தில் இருந்தவர்கள் அக்குரலை அடக்கும் வலிமை பெற்றவர்கள். ஜி. யு. போப்புக்குத் தமிழ் கற்பித்தவரும், நன்னூலுக்கு விரிவான உரை கண்டவருமான இராமாநுசக் கவிராயர் வின்சுலோவுக்கு உதவியவர்களுள் முதன்மையானவர். அகராதியின் பொருள்களுள் எது கவிராயர் வாக்கு, எது வின்சுலோவின் வாக்கு என்று பிரித்துக் காட்டும் ஆய்வு எவருக்கேனும் கைகூடுமானால், தமிழ்ச் சமய வரலாற்றின் ஒரு பகுதியையே திருத்தி எழுத வேண்டி வரும்.

இதே கதை எதிர்த்திசையில் நிகழ்ந்ததே நாவலர் வாழ்க்கை. 1822-இல் நல்லூரில் பிறந்த அவர், யாழ்ப்பாணத்தில் மெதடிசுத பாதிரியாரான பீற்றர் பேர்சிவலிடம் படித்தார், பின் அவர் பள்ளியிலேயே கற்பித்தார், விவிலியத்தைத் தமிழாக்கும் பணியில் அவருக்குப் பல்லாண்டு துணை நின்றார். அவ்வளவு காலமும் திருநீறு அணிந்த சைவராகவே இருந்தார். மொழிபெயர்ப்பைச் சென்னைக்குக் கொண்டு சென்று தமிழறிஞர் மழவை மகாலிங்கையரிடம் காட்டி அவர் பாராட்டைப் பெற்றதாக நாவலர் வரலாறுகள் கூறும். அது 1850-இல் அச்சேறியது. ஆனால் அதற்குள் நாவலர் 1848-இலேயே பள்ளியை விட்டு விலகி, வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிவிட்டார். நம்பாத வேதத்தை நம்பத்தக்க தமிழில் எழுதியவர் பொய் உரைத்தாரா? இவ்வினாவுக்குச் சைவ சித்தாந்தத்தின் அளவை இயல் உதவும். அளவை என்பது அறிவு பிறக்கும் வழி. காட்சி, கருதல், உரை என்னும் மூன்றைச் சித்தாந்தம் முதன்மையாகக் கொள்ளும். உரை என்பது நம்பத்தக்கவர் சொல். மொழிபெயர்ப்பாளர் தரும் உறுதி, மூலம் இவ்வாறு கூறுகிறது என்பது வரைக்கும்தான். மூலம் கூறுவது உண்மை என்பதற்கு அவர் சாட்சியல்லர். முன்னதில் நாவலர் நம்பத்தக்க சாட்சி. பின்னதில் அவர் சாட்சிக் கூண்டில் ஏறவே இல்லை.

அவர் அக்கூண்டில் ஏறவில்லை என்பது 1854-இல் வெளிவந்த அவருடைய சைவதூஷண பரிகாரத்தில் தெரிந்தது. சைவக் கிரியைகளைப் பாதிரியார்கள் இழித்துரைத்தபோது, விளக்கும் தூபமும் குருமார் தீட்சையும் நீராட்டும் பலியும் இசுரவேலர் ஆலயத்திலும் இருந்தனவே என்று விவிலியத்தின் இடங்களை எடுத்துக்காட்டி நாவலர் மடக்கினார். இது கண்டன நூல், பரபக்கத்தின் வழிவந்தது. ஆயினும் எதிரியின் நூலைச் சொல் சொல்லாகப் பெயர்த்த கை எழுதிய கண்டனம் என்பதால், அதில் காட்டப்பட்ட விவிலியத்தைக் கிறித்தவர்கள் தம் விவிலியம் அன்று என்று மறுக்க முடியவில்லை. அதன் முடிவுகளை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் சமயம். அதன் சான்றுகளை மறுப்பது எளிதன்று.

வின்சுலோவும் நாவலரும் தத்தம் சமயத்தில் நடுநிலையாளர் அல்லர், இருவரும் கட்சிக்காரர்கள். ஆதலால் பற்று அறிவைக் கெடுக்கும் என்ற பொதுவிதி இவர்கள் இருவரிடமும் பொய்க்கிறது. இவர்களைக் காத்தது வேறொன்று: எழுதியதைக் கேட்டு, இது எங்கள் சொல்தான் என்றோ அன்று என்றோ சொல்லக்கூடியவர்கள் பக்கத்திலேயே இருந்தார்கள். ஒரு சமயத்தைப் பற்றிய கூற்று அச்சமயத்தாரால் ஒப்பத்தக்கதாக இல்லாவிடில் செல்லாது என்று கனடிய அறிஞர் வில்பிரெட் கேன்ட்வெல் சுமித் 1959-இல் ஒரு கட்டுரையில் வற்புறுத்தினார். மேனாட்டுப் பல்கலைக்கழகங்களில் அது புதிய கோட்பாடாகப் பேசப்பட்டது. ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டுக்கு முன்பே கும்பகோணத்தில் அது ஒரு கல்லூரித் தமிழாசிரியரின் அன்றாட வேலையாக இருந்தது. சீவகசிந்தாமணியைப் பதிப்பிக்க முனைந்த உ. வே. சாமிநாதையர், தாம் கற்ற சைவநூற் கல்வி அங்கே உதவாது என்று கண்டு, சந்திரநாத செட்டியார் முதலிய சமணர்களின் வீடுகளுக்குச் சென்று, அவர்கள் அந்நூலை இன்றும் திருநூலாகப் படித்து வருவதை அறிந்து, ஐயங்களைக் கேட்டுத் தெளிந்து, 1887-இல் பதிப்பை வெளியிட்டார். தாம் யாரிடம் கேட்டார் என்பதை அவர் மறைக்கவில்லை. பெயர் சொல்லி, பெருமைப்பட்டு, நெடுக எழுதினார்.

இந்த அளவுகோலுக்கும் எல்லைகள் உண்டு. அவற்றை மறைத்து இதைப் போற்றுவது தவறு. முதலாவது, கேட்பதற்கு ஆள் இல்லாத சமயத்துக்கு என்ன செய்வது? மணிமேகலைப் பதிப்பில் சாமிநாதையர் அவ்விடரை எதிர்கொண்டார். தமிழ்நாட்டில் பௌத்தரைக் காணாமல், ஆங்கில நூல்களிலிருந்து பௌத்தம் கற்ற ரங்காசாரியாரின் துணையை நாடினார். அங்கே ஒப்புதல் தரவேண்டியவர்கள் இடத்தில் நூலகம் உட்கார்ந்தது. அப்பதிப்பு வந்த 1898-ஆம் ஆண்டிலேயே சென்னையில் அயோத்திதாசப் பண்டிதர் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவியது வரலாற்றின் குறும்பு. அவர் தம் தமிழன் இதழில் நிகண்டுகளை எடுத்துவைத்துக்கொண்டு சொல்லுக்குச் சொல் பௌத்தப் பொருள் கூறி, இதுவரை பொருள் எழுதியவர்கள் யாரைக் கேட்டு எழுதினார்கள் என்று வினவினார். அவர் சொற்பிறப்பு விளக்கங்களுட் பல மொழியியலுக்கு ஒவ்வாதவை; ஆனால் வினா ஒவ்வாதது அன்று. வின்சுலோ கேட்டது புலவர்களை. பேட்டையில் தறியில் இருந்தவர்கள் தங்கள் தெய்வத்தை எந்தச் சொல்லால் அழைத்தார்கள், எப்பொருளில் அழைத்தார்கள் என்று அவர்களிடமே கேட்ட அகராதி எதுவும் வரவில்லை.

இரண்டாவது எல்லை காலத்தைப் பற்றியது. ஒரு சொல் தமக்கு என்ன பொருள் தருகிறது என்பதில் அடியார்கள் சாட்சிகள். அச்சொல் வரும் நூல் எந்த நூற்றாண்டினது என்பதில் அவர்களுக்குத் தனி உரிமை எதுவும் இல்லை. வின்சுலோவின் அகராதியைத் திருத்தி விரிக்கும் பணியாக 1913-இல் சாண்ட்லர் பாதிரியாரை ஆசிரியராகக் கொண்டு தொடங்கி, 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகச் சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியை முடித்துத் தந்தவர் ச. வையாபுரிப் பிள்ளை. நூல்களுக்கு அவர் கணித்த காலங்கள் பலரைப் புண்படுத்தின. அவற்றுட் சில பிழையாகவும் இருக்கலாம். ஆனால் புண்பட்டோம் என்பது மறுப்பாகாது. கல்வெட்டும் சொல்லாட்சியும் யாப்பும் கொண்டே மறுக்க வேண்டும். பொருளுக்கு உரிய ஒப்புதலைக் காலத்துக்கும் கேட்பது ஆராய்ச்சியை நிறுத்திவிடும். காலத்துக்கு உரிய விலகலைப் பொருளுக்கும் கொண்டுசெல்வது சொல்லைக் கொன்றுவிடும். இன்றைய ஆய்வேடுகளுட் பல இரண்டாவது தவற்றைச் செய்கின்றன. திருநீற்றின் வரலாற்றை முந்நூறு பக்கம் எழுதியவர் அதை நெற்றியில் இடுகிறவர் ஒருவரிடமாவது பேசியதற்கான தடயம் அவற்றில் இருப்பதில்லை.

வின்சுலோ அகராதி வெளிவந்த இரண்டு ஆண்டுகளில், 1864-இல், தாயகம் திரும்பும் வழியில் நன்னம்பிக்கை முனையில் இறந்தார். அகராதி இன்றும் மறுபதிப்பாகக் கிடைக்கிறது. அதன் முகப்புப் பக்கத்தில் வின்சுலோவின் பெயர் உண்டு. கையெழுத்துப் படிகளைத் தொகுத்துவிட்டு இறந்த நைட் பாதிரியாரின் பெயரும் உண்டு. தமிழர்களைப் பற்றி அங்கே இருப்பது, தகுதிவாய்ந்த உள்நாட்டு அறிஞர்களின் உதவியோடு என்னும் பொருளுடைய, பெயரில்லாத ஒரே ஒரு தொடர். இனி அதை மறுபதிப்பிடுவோர் மூல முகப்பை அப்படியே வைத்துக்கொள்ளட்டும். ஆனால் அடுத்த பக்கத்திலாவது இராமாநுசக் கவிராயர் முதலாக அறியக் கிடைக்கும் பெயர்களை எல்லாம் அச்சிட வேண்டும்.